தம்பலகாமத்துப் பழைய வளவு: இல்லாமல் போன கல்வீட்டின் காலத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

வயல்கரை:
வயலை ஒட்டிய வளவு. அங்கே நின்ற கமக்கார வீட்டில் மிச்சம் இவ்வளவுதான்: 40 அடிக்கு 22 அடி அத்திவாரம், செங்கல் கட்டிய வட்டக் கிணறு, இரண்டு புளி, உடைந்த ஓடுகள். 1950களின் உறுதிப் பிரதி ஒன்று கையில் உண்டு. நில அளவைப் பிளான் இல்லை. எல்லைகள் "வடக்கு வாய்க்கால், கிழக்கு இன்னார் வயல்" என்ற மாதிரி. காணியை விவரிக்கும் அட்டவணையில் "கல்வீடு, கிணறு, பயன்தரு மரங்கள்" என்று இருக்கிறது. உறுதி இலக்கத்தைக் கொடுத்துத் திருகோணமலைக் காணிப் பதிவகத்தில் தேடியும் ஒன்றும் அகப்படவில்லை. வீடு எப்போது எழும்பியது, எப்போது விழுந்தது என்று அறிய எங்கே தொடங்கலாம்?

உறுதிப்பெட்டி:
நீங்கள் கொடுத்தது நொத்தாரிசு தன் வரிசைக்குப் போட்ட இலக்கம். பதிவேடு அதன்படி ஓடுவதில்லை. பிரதியில் பதிவு முத்திரையைத் தேடுங்கோ. அதில் இருக்கும் எழுத்து (பிரிவைக் குறிப்பது), வொலியூம் (பதிவேட்டுத் தொகுதி), போலியோ (அதில் உள்ள பக்கம்) மூன்றும்தான் வேண்டும். ஒரு போலியோ நிரம்பினால் வேறு வொலியூமில் தொடருவார்கள், எங்கிருந்து வந்தது, எங்கே போனது என்ற குறிப்பும் இருக்கும். அதைப் பிடித்துப் பின்னோக்கிப் போகலாம்.

போலியோ கிழிந்திருந்தால் கைவிட வேண்டாம். நொத்தாரிசு மாதாமாதம் தன் உறுதிகளின் இரண்டாம் பிரதியைப் பதிவகத்துக்கு அனுப்பியே ஆகவேண்டும். நொத்தாரிசு பெயரும் திகதியும் சேர்த்துக் கொடுத்தால், உங்கள் இலக்கம் அங்கே வேலை செய்யும்.

ஒன்றை மட்டும் மிகக் கவனமாகப் பாருங்கோ. அட்டவணையை முந்தைய உறுதியைப் பார்த்து அப்படியே எழுதுவது வழக்கம். வீடு விழுந்து 20 வருடம் போனாலும் தாளில் கல்வீடு நின்றுகொண்டே இருக்கும். ஆகவே விழுந்த காலத்துக்கு உறுதி சாட்சி அல்ல. புதிதாக நுழையும் சொல்லுக்குத்தான் பெறுமதி: ஒரு உறுதியில் "ஓலைவீடு", அடுத்ததில் "கல்வீடு" என்றால், அந்த அடுத்த உறுதியின் திகதிக்கு முன்பே கட்டியிருக்கிறார்கள்; முந்தைய "ஓலைவீடு" பார்த்து எழுதியதாகவும் இருக்கலாம்.

சங்கிலி:
விழுந்த காலத்துக்குப் படங்கள்தான் வழி. நில அளவைத் திணைக்களத்திடம் 1956 விமானப் படங்களைக் கேளுங்கள். அளவு 1:40,000. உங்கள் 40 அடி வீடு படத்தில் 0.3 மில்லிமீற்றர்தான், வெறுங்கண்ணுக்கு ஒரு புள்ளி. 1200 டிபிஐயில் (அங்குலத்துக்கு 1200 புள்ளி) ஸ்கேன் செய்தால் 14 பிக்சல் நீளம் வரும், கூரையா வெறுந்தரையா என்று பிரித்தறிய அது காணும். முதலில் கிணற்றையும் புளியின் நிழலையும் பிடித்துக்கொண்டு அங்கிருந்து வீட்டுக்கு வாருங்கள். அடுத்தடுத்த வருடப் படங்களிலும் இதையே செய்தால், கூரை கடைசியாகத் தெரியும் வருடம் கிடைக்கும்.

பழைய ஒரு அங்குல வரைபடம் 1:63,360. அதில் வீடு வெறும் குறி. அளந்து பார்க்க முடியாது. திகதி இல்லாத பிளான் அகப்பட்டால் ரயில் பாதை இருக்கிறதா என்று பாருங்கள். திருகோணமலைப் பாதை 1927இல் திறக்கப்பட்டது. பாதை செல்லும் இடத்தைக் காட்டும் பிளானில் அது இல்லையென்றால் பிளான் அதற்கு முந்தியது. பழைய பிளானை இன்றைய ஜிபிஎஸ் புள்ளிகளோடு நேரே பொருத்த வேண்டாம், ஆள்கூற்று அடிப்படை (இடங்களின் அமைவை எண்ணால் குறிக்கும் முறை) வேறு. குளக்கட்டு, வாய்க்கால் சந்தி, கோயில் என்று அசையாத மூன்று இடங்களை வைத்துப் பொருத்துங்கள்.

ஓட்டுத்துண்டு:
ஓடுகளைக் கழுவி அடிப்பக்கம் பாருங்கள். மங்களூர் ஓடு என்றால் தொழிற்சாலைப் பெயர் அச்சாக இருக்கும். சுவிஸ் கிறிஸ்தவ அமைப்பான பாசல் மிஷன் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கியது 1865இல், ஆகவே அந்தக் கூரை அதற்கு முந்தியதாக இருக்க முடியாது. அரைவட்டப் பீலி ஓடும் கலந்து கிடந்தால் கூரை ஒருமுறை மாற்றப்பட்டிருக்கலாம். கூரையின் வயதைச் சுவரின் வயதாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

சாந்து சுண்ணாம்பா சீமெந்தா என்று அறிய எலுமிச்சம்புளி விட்டு நுரைக்கிறதா என்று பார்ப்பது பயனில்லை, பழைய சீமெந்தும் நுரைக்கும். ஆணியால் கீறுங்கள். சுண்ணாம்புச் சாந்து இலகுவில் உதிரும், உள்ளே வெள்ளைக் கட்டிகளோ சிப்பித்துண்டோ தெரியும்.

வளவு தாழ்ந்த நிலம் என்றால் அத்திவாரத்தின் மேல் வண்டல் படிந்திருக்கிறதா என்றும் கவனியுங்கள், 20.04.1986 அன்று கந்தளாய்க் குளக்கட்டு உடைந்தது; வண்டல் அந்த வெள்ளத்தினது என்றால் வீடு அதற்கு முன்பே விழுந்திருக்கலாம். இதற்காகத் தோண்ட வேண்டாம், கிணற்றோர மண்வெட்டே போதும்.

வயல்கரை:
நன்றி. உறுதியின் பின்பக்கத்தில் மங்கிய முத்திரை ஒன்று தெரிகிறது, எழுத்து வாசிக்க முடியவில்லை.

உறுதிப்பெட்டி:
வெளிச்சத்தைப் பக்கவாட்டில் தாழப் பிடித்துப் படம் எடுங்கோ, அழுத்தம் தெரியும். வொலியூமும் போலியோவும் மட்டும் தெரிந்தாலும் தேடலாம். தம்பலகாமம் பற்றுக்குரிய எழுத்தைப் பதிவகத்தில் கேட்டறியலாம்.