மாமா சொன்னதும் புத்தகத்தில் இருந்ததும்

பொலிஸ்காரர் உடுப்பில் கமரா மாட்ட வேண்டுமா, கூடாதா என்று இத்தனை பேர் கதைக்கும்போது என் மாமாவுக்கு நடந்ததைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

மாமாவுக்கு 63 வயது. படுவான்கரையில் வயல் செய்கிறார். மட்டக்களப்பு–கல்முனை வீதியில் ஒரு சந்தியில் உழவு இயந்திரம் ஒன்று அவருடைய மோட்டார் சைக்கிளைத் தட்டிவிட்டது. பெரிய காயம் இல்லை. நான்தான் அவரைப் பொலிஸ் நிலையத்துக்குக் கூட்டிப் போனேன்.

அங்கே இருந்த சார்ஜன்ட் நல்ல மனுசன். மாமாவுக்குத் தண்ணீர் கொடுத்து உட்கார வைத்தார். ஆனால் அவருக்குத் தமிழ் அரைகுறை, எங்களுக்குச் சிங்களம் அதைவிடக் குறைவு. மாமா தமிழில் சொல்லச் சொல்ல அவர் பெரிய புத்தகத்தில் சிங்களத்தில் எழுதினார். எழுதி முடித்ததும் புத்தகத்தை மாமா பக்கம் திருப்பி, பேனையால் ஓர் இடத்தைத் தொட்டுக் காட்டினார். முழங்கால் இரத்தம் காய்ந்து சாரத்தோடு ஒட்டிக்கிடந்தது. இடது கையால் அதை மெல்லப் பிரித்துக்கொண்டே வலது கையால் மாமா கையெழுத்து வைத்தார். எழுதினதை யாரும் வாசித்துக் காட்டவில்லை. நானும் கேட்கவில்லை.

நாலு மாதம் கழித்து நீதிமன்றத்தில் அந்த வாக்குமூலத்தைத் தமிழில் வாசித்தார்கள். “நான் பிழையான பக்கத்தால் வந்து மோதினேன்” என்று இருந்தது.

மாமா அன்றைக்குச் சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது: “பிழையான பக்கத்தால வந்து அடிச்சது.” எது வந்தது, எது அடித்தது என்று அவர் தனியாகச் சொல்லவில்லை. நம் காதுக்கு அது தேவையும் இல்லை, ‘அடிச்சது’ என்றாலே உழவு இயந்திரம்தான் என்று விளங்கிவிடும். தமிழ் அரைகுறையாகத் தெரிந்தவருக்கு அது எப்படி விளங்கும்? அவர் வேண்டுமென்று மாற்றி எழுதினார் என்று நான் இன்றுவரை நம்பவில்லை. ஆனால் தண்டம் கட்டினது மாமாதான்.

அன்றைக்கு அந்தச் சார்ஜன்டின் சட்டைப் பையில் ஒரு கமரா இருந்திருந்தால், மாமாவின் குரலைப் போட்டுக் கேட்டிருக்கலாம். அதனால்தான் எனக்குப் படத்தைவிடச் சத்தம் பெரிது. நம் பகுதியில் பாதிப் பிரச்சினை, யார் எந்த மொழியில் என்ன சொன்னார், மற்றவர் அதை எப்படி விளங்கிக்கொண்டார் என்பதில்தான் கிடக்கிறது.

சும்மா மாட்டிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நான் சொல்லவில்லை. அமெரிக்காவில் வாசிங்டன் நகரில் 2,000க்கு மேற்பட்ட பொலிசாரை வைத்து ஓர் ஆய்வு செய்து 2017இல் முடிவு வெளியிட்டார்கள். கமரா அணிந்தவர்களுக்கும் அணியாதவர்களுக்கும் பலத்தைப் பயன்படுத்துவதில் சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை. அதே வருடம் பால்ட்டிமோரில் ஒரு காணொளி வெளிவந்தது. ஒரு பொலிஸ்காரர் பொதி ஒன்றைக் குப்பைக்குள் வைத்துவிட்டு வீதிக்குப் போகிறார். அங்கே நின்று கமராவை அழுத்திவிட்டு, திரும்பி வந்து அதே பொதியைத் ‘தேடி’ எடுக்கிறார். அந்தக் கமரா, அழுத்துவதற்கு முந்திய 30 வினாடியையும் தானாகச் சேர்த்துப் பதியும் என்பதை அவர் யோசிக்கவில்லை. ஆனால் அந்த 30 வினாடியில் படம் மட்டும்தான், சத்தம் இல்லை. மாமாவின் விசயத்தில் அது எதற்கு உதவும்?

லண்டனில் இருக்கும் மச்சானை ஒருமுறை காரோடு மறித்தார்கள். “பதிவாகிறது” என்று முதலிலேயே சொன்னார்களாம், நெஞ்சில் சிவப்பு வெளிச்சம் எரிந்ததாம். அங்கே 2016இலிருந்து 22,000 கமரா கொடுத்திருக்கிறார்கள். வழக்குக்குத் தேவைப்படாத பதிவு 31 நாளில் அழிந்துவிடும். அதற்குள் மச்சான் எழுதிக் கேட்டு, தன்னுடைய பதிவைத் தானே வாங்கிப் பார்த்தார். இங்கே கமரா வந்தால் எனக்கு வேண்டியது இந்த உரிமைதான். பொலிசாரின் அலுமாரிக்குள் பூட்டிக்கிடக்கும் பதிவு மாமாவுக்கு என்ன செய்யும்?

பொலிசில் இருக்கும் என் கூட்டாளி ஒருவன் கமராவை ஆசையோடு எதிர்பார்க்கிறான். சனம் கைபேசியில் பாதியை மட்டும் எடுத்துப் போட்டு, தான் ஏச்சு வாங்கினது அவனுக்கு ஆறவில்லை. என் தங்கச்சிக்கோ பயம். புருசன் அடித்தான் என்று இரவில் பொலிசைக் கூப்பிட்ட ஒரு பெண்ணின் முகம் ஊர் முழுக்கக் கைபேசியில் சுற்றினால் அவள் எங்கே போய் நிற்பாள் என்று கேட்டாள். அவள் கேட்டது சரி. எடுத்ததை யார் பார்க்கலாம், யார் பார்க்கக் கூடாது என்பதை முதலில் சட்டமாக எழுத வேண்டும்.

போன மாதம் பக்கத்து வீட்டுக்காரரின் மாடு களவு போனது. முறைப்பாடு கொடுக்க மாமாவும் கூடப் போனார். எழுதினதைத் தமிழில் வாசித்துக் காட்டாமல் கையெழுத்து வைக்க வேண்டாம் என்று அவரைத் தடுத்துவிட்டார். தமிழ் தெரிந்த கொன்ஸ்டபிள் வெளியே போயிருந்தார். அவர் வரும்வரை இரண்டு பேரும் ஒன்றரை மணித்தியாலம் வாங்கில் இருந்தார்களாம்.