பலாக்குழை தின்ற ஆட்டுக்குப் பிழுக்கை இறுகுகிறது, ஏன்?

கேள்வி:
மட்டக்குளியில் வீட்டுக்குப் பின்னால் மூன்று வெள்ளாடும் இரண்டு செம்மறியும் நிற்கின்றன. கொழும்பில் புல்லுக்கு எங்கே போவது, இரண்டு கிழமையாகப் பக்கத்து வளவில் வெட்டும் பலாக்குழைதான் முழுத் தீனி. வெள்ளாடுகள் காம்பை மட்டும் மிச்சம் வைக்கின்றன, செம்மறிகள் முகர்ந்துவிட்டுத் திரும்புகின்றன, பிழுக்கையும் கறுத்துக் கல்லு மாதிரி விழுகிறது. குழையில் நஞ்சு ஏதுமா?

பதில் 1:
நஞ்சு இல்லை அண்ணை, தனின். சாயத் தேத்தண்ணி குடித்தால் நாக்கு துவர்க்குமே, அதே சாமான்தான். முதல் இரைப்பையில் தீனியின் புரதத்தைப் பிடித்துக்கொள்ளும், அங்குள்ள நுண்ணுயிர்களால் உடைக்க முடியாது; நாலாம் இரைப்பையின் அமிலம் பட்டதும் பெரும்பாலும் விட்டுவிடும், சிறுகுடலில் உடம்புக்குச் சேரும். தீனியின் உலர்நிறையில் (தண்ணி நீக்கிய எடையில்) தனின் 2 முதல் 4 சதவீதம் என்றால் பெரும்பாலும் லாபம்தான், குடற்புழுவும் கொஞ்சம் அடங்கும். 5 ஐத் தாண்டினால் தீனி எடுப்பது குறையும், நார் செரிக்காது, பிழுக்கையும் இறுகும்.

பதில் 2:
வெள்ளாடு பிறவியிலேயே குழை தின்னி, துவர்ப்பைத் தாங்கும். செம்மறிக்குப் புல் வேண்டும். பாதிக்குப் பாதி கினிப்புல் கலவுங்கள், கிளிசிரிடியா மரத்துக் குழையை வாடவிட்டுப் போடுங்கள், ஒரு பிடி தேங்காய்ப் புண்ணாக்கு, நிறையத் தண்ணி. அசைபோடுவதை நிறுத்தினால் மட்டும் யோசிக்காமல் மிருக வைத்தியரிடம் போங்கள்.

கேள்வி கேட்டவர்:
சரி, நன்றி. கால்வாய்க் கரையில் கினிப்புல் நிற்கிறது, ஆனால் அந்தத் தண்ணியைப் பார்த்தால் அறுக்க மனம் வரவில்லை. வேறு இடம் பார்க்கிறேன்.