கரிசல் சிறுகதைகளுக்கு ஒரு சிறு பதிப்பகம்: எத்தனை பிரதி, எப்படி விற்பது? (புனைபெயரில் நால்வர் உரையாடல்)

கரிசக்காடு: கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் பக்கத்துப் புது எழுத்தாளர்களின் கதைகளைப் புத்தகமாக்க நினைக்கிறோம். முதல் தொகுப்பு சுமார் 26,000 சொல். 500 அடிக்கலாமா? வட்டார வழக்கை மெய்ப்புப் பார்ப்பது எப்படி? அரசு நூலகங்களுக்கு மொத்தமாக வாங்கும் நூலக ஆணையை நம்பலாமா?

அச்சுமை: டெம்மி 1/8 என்ற புத்தக அளவில், 12 புள்ளி எழுத்தில் பக்கத்துக்கு 200 சொல் பிடிக்கும். ஆக 130 பக்கம் வரும். ஆஃப்செட்டில், அதாவது தகடு வைத்து மொத்தமாக அடிக்கும் முறையில், ஒரு பாரம் என்பது 16 பக்கம். 130 என்று விட்டால் அந்த ரெண்டு பக்கத்துக்காக இன்னொரு பாரத்துக்குத் தாளும் கூலியும் போகும். வரி இடைவெளியைக் கொஞ்சம் குறைத்து 128-இல் நிறுத்துங்கள், சரியாக எட்டு பாரம்.

500 வேண்டாம். முதலில் டிஜிட்டல் அச்சில் 100 போடுங்கள். ஒரு பிரதிக்கு அடக்கம் கூடும்தான், ஆனால் பரணில் கட்டுக்கட்டாகக் கிடந்து கரையான் தின்னாது. முன்பதிவு 250-ஐத் தாண்டினால் மட்டும் ஆஃப்செட்டுக்குப் போங்கள்.

விலை 160 ரூபாய் என்று வையுங்கள். கடைக் கழிவு 35 சதவீதம் போனால் 104. எழுத்தாளருக்கு 10 சதவீதம், அதாவது 16. மிச்சம் 88. அச்சுக்கு மட்டும் 55-க்கு மேல் போனால் மெய்ப்பு, வடிவமைப்பு, அட்டை ஓவியம் எல்லாம் கைக்காசுதான். நூலக ஆணை வந்தால் லாபம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை நம்பிப் பிரதி எண்ணிக்கையைக் கூட்டியவர்கள் பலர் முடங்கியிருக்கிறார்கள்.

ஒற்றுப்பிழை: எழுத்தாளரின் பிரதி எந்த எழுத்துருவில் வருகிறது என்று முதலிலேயே கேளுங்கள். பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டியதை யூனிகோடுக்கு மாற்றினால் மேற்கோள் குறிகளும் ஆங்கில எழுத்தும் சிதையும். பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனில் வேர்ல்டு-ரெடி கம்போஸர் என்ற அமைப்பைத் தேர்வு செய்யாவிட்டால் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும். முதல் பத்துப் பக்கத்தைத் தாளில் எடுத்துப் பார்த்த பிறகே மற்றதை ஓட்டுங்கள்.

வழக்குக்கு ஒரு சொல் பட்டியல் போடுங்கள். 'வாரேன்', 'வர்றேன்' ரெண்டில் எது? 'அவுக'வா, 'அவுங்க'ளா? எழுத்தாளரிடம் கேட்டு எழுதி வைத்து, அந்தத் தாளோடுதான் பிரதியை மெய்ப்புக்குக் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் 'அவுக' எல்லாம் ராவோடு ராவாக 'அவர்கள்' ஆகிவிடும். கதைசொல்லியின் நடைக்குச் சந்தி பாருங்கள். பேச்சுக்குள் வலிந்து ஒற்றுப் போடாதீர்கள், பேசுகிறவன் வாத்தியார் ஆகிவிடுவான். பின்னால் அருஞ்சொல் பட்டியல் ஒரு பக்கம் போதும்.

ஏட்டுச்சுவடி: ஐ.எஸ்.பி.என். என்ற நூல் அடையாள எண்ணை ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமையின் இணையதளத்தில் இலவசமாக வாங்கலாம். காசுக்கு எண் தருகிறேன் என்பவரிடம் வாங்கினால் பதிவேட்டில் அவர்தான் பதிப்பாளர். மின்னூலுக்குத் தனி எண் வேண்டும்; மாற்றமில்லாத மறுஅச்சுக்கு வேண்டாம். 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி வெளியான 30 நாளுக்குள் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கு ஒன்றும், சென்னை கன்னிமாரா உட்பட இன்னும் மூன்று நூலகங்களுக்கு ஒவ்வொன்றும் அனுப்ப வேண்டும். ஆக, 100-இல் 4 விற்பனைக் கணக்கில் சேராது.

சென்னையை முதலில் குறி வைக்காதீர்கள். சிவகங்கையில் இருந்துகொண்டே கவிஞர் மீரா 'அன்னம்' பதிப்பகம் நடத்தினார். உங்கள் சுற்றுவட்டாரப் பள்ளி, கல்லூரி ஆசிரியர்கள், கிளை நூலக வாசகர் வட்டம், மாவட்டப் புத்தகத் திருவிழா, இதிலேயே முதல் நூறு போகும். கடைக்குக் கொடுத்தால் சலானில் கையெழுத்து வாங்கி, 90 நாளுக்கு ஒருமுறை நேரில் போய் மிச்சப் பிரதிகளை எண்ணுங்கள்.

கரிசக்காடு: ரொம்ப நன்றி அண்ணாச்சி. தபால் செலவு?

ஏட்டுச்சுவடி: 2025 மே முதல் அஞ்சல் துறையில் புத்தகங்களுக்கென்று 'ஞான் போஸ்ட்' இருக்கிறது. 300 கிராம் வரை 20 ரூபாய், 5 கிலோவுக்கு 100, வரி தனி. 70 ஜி.எஸ்.எம். தாளில் உங்கள் 128 பக்கம் அட்டையோடு 150 கிராம்தான் இருக்கும். தரைவழி என்பதால் தாமதமாகும். விளம்பரம் இருந்தால் வாங்கமாட்டார்கள், ஆகவே பின்னட்டையில் ஜவுளிக்கடை விளம்பரம் பிடிக்க வேண்டாம். உங்கள் பிற நூல்களின் பட்டியல் இருக்கலாம்.

அச்சுமை: உறை ஒட்டும்போது மூலைக்கு அட்டை வையுங்கள். திரும்பி வருவதில் பாதி மூலை மடங்கினதுதான்.