மூன்றாவது எண்ணை முழுசாக முடித்தாலே வால்ட்ஸ் மாறிவிடும்

பால்ரூம் நடனத்தில் தேற வேண்டும் என்றால் புதுப்புது ஸ்டெப்பாகச் சேர்த்துக்கொண்டே போவதில் பெரிய பயன் இல்லை. தெரிந்த நாலைந்து ஸ்டெப்பை முன்பின் தெரியாதவர்களோடு, கூட்டம் நிறைந்த தளத்தில் ஆடிப் பாருங்கள், அதுதான் வளர்க்கும். எனக்கு அது நடந்தது இங்கிலாந்தின் பிளாக்பூல் டவர் பால்ரூமில்.

1899இல் திறந்த மண்டபம். மேடையில் வுர்லிட்ஸர் என்ற பெரிய குழாய் ஆர்கன் வாசிக்கிறார்கள், பகலிலேயே டீயும் கேக்கும் சாப்பிட்டுவிட்டு ஜோடி ஜோடியாக இறங்குகிறார்கள், பெரும்பாலும் வயதானவர்கள், என்ன அழகாக ஆடுகிறார்கள் தெரியுமா! அங்கே ஒரு மூதாட்டி என்னோடு வால்ட்ஸ், அதாவது ஒன்று-இரண்டு-மூன்று என்று எண்ணி ஆடும் ஜோடி நடனம், ஆட வந்தார். பாதிச் சுற்றிலேயே, "கையால் என்னைத் திருப்ப வேண்டாம், நீங்கள் நகர்ந்தால் நான் வந்துவிடுவேன்" என்றார். அடுத்து அவர் சொன்னதுதான் முக்கியம்: "மூன்றில் முழுசாக இறங்குங்கள்."

வால்ட்ஸில் ஒன்றுக்குக் குதிகால் முதலில் படும்படி முன்னால் வைக்கிறோம், அந்த எண் முடியும்போது எழ ஆரம்பித்து இரண்டு, மூன்றில் முன்பாதத்தில் நிற்கிறோம், மூன்றின் கடைசியில் குதிகாலைத் தரையில் இறக்க வேண்டும். அடுத்த ஒன்றுக்கு அவசரப்படுகிறவர்கள் இந்த இறக்கத்தைத்தான் விழுங்கிவிடுகிறார்கள். நிற்கிற காலின் முழங்கால் மடங்கி, அந்தக் காலால் தரையைத் தள்ளினால்தான் அடுத்த அடி நீளமாக வரும். அந்தத் தள்ளல் உடம்பு வழியாகவே கூட ஆடுபவருக்குப் போய்விடுகிறது, கைக்கு வேலையே இல்லை. நேரமும் தாராளமாக இருக்கிறது. போட்டிகளில் மெதுவான வால்ட்ஸுக்கு நிமிடத்துக்கு 28 முதல் 30 பார்தான் (மூன்று தட்டு சேர்ந்தது ஒரு பார்), அதாவது 90 தட்டைத் தாண்டாது. வியன்னா வால்ட்ஸ்தான் 58, 60 என்று பறக்கும்.

வீட்டில் பயிற்சி செய்ய எனக்குப் பிடித்த வழி இது: பாட்டு இல்லாமல், வாய்விட்டு எண்ணிக்கொண்டு, சுவர் ஓரமாக வெறும் முன்னடி மட்டும். அப்புறம் விக்டர் சில்வெஸ்டர் இசைக்குழுவின் பழைய பதிவுகள். 1922இல் உலகப் பட்டம் வென்ற ஆட்டக்காரர் அவர், ஆடுபவர்களுக்காகவே வேகம் பிசகாமல் வாசித்து வைத்திருக்கிறார், அதனால் கால் எங்கே ஓடுகிறது என்று உடனே தெரிந்துவிடும்.

தளத்தில் எல்லாரும் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில்தான் சுற்றுவார்கள். முன்னால் இருப்பவர் நின்றுவிட்டால் இடித்துக்கொண்டு நுழையாதீர்கள், ஹெசிடேஷன் போட்டு, அதாவது முன்னேறாமல் தயங்கி நின்று, ஒரு பார் காத்திருங்கள். கூட ஆடுபவருக்கு உங்கள் மேல் நம்பிக்கை வருவதே அந்த இடத்தில்தான். ஷூவின் அடியில் ஸ்வேட் என்ற சொரசொரப்பான தோல் இருந்தால் அதைத் தெருவில் போட்டு நடக்கவும் வேண்டாம், கம்பி பிரஷால் அவ்வப்போது தேய்த்துவிட்டால் வழுக்காது.

ஃபாலோ செய்பவர்கள், அதாவது ஜோடியில் மற்றவர் நடத்த அதன்படி ஆடுபவர்கள், யாராவது இருந்தால் எழுதுங்கள்: பின்னால் போகும்போது இந்த மூன்றாவது எண்ணின் இறக்கத்தை எப்படிப் பழகினீர்கள்?