மாட்யூல் விழுந்தால் ஏஜென்ட்டும் விழணுமா? உங்கள் அனுபவம் சொல்லுங்கள்

பில்லிங் கவுண்டர் மெஷின்களுக்கு ஏஜென்ட் (மெஷினுக்குள்ளேயே ஓடி, அதைத் தூரத்திலிருந்து நிர்வகிக்க உதவும் மென்பொருள்) எழுதும் டீமில் இருக்கிறேன். பேட்ச் போடுவது, லாக் எடுப்பது, யூஎஸ்பியைத் தடுப்பது எல்லாம் முன்பு ஒரே புராசஸுக்குள்தான் (ஓடிக்கொண்டிருக்கும் ஒரே நிரலுக்குள்). பிரின்டரைக் கண்காணிக்கும் மாட்யூல், வெண்டர் கொடுத்த டிஎல்எல் (விண்டோஸ் கோடு தொகுப்பு ஃபைல்) ஒன்றைக் கூப்பிடும். பேப்பர் ரோல் தீர்ந்தால் அது பதிலே சொல்லாமல் தொங்கும், கூடவே மொத்த ஏஜென்ட்டும். கடைப்பையன் ரோல் மாற்றியதும் பில்லிங் பழையபடி ஓடும். டாஷ்போர்டில் மட்டும் கடை "ஆஃப்லைன்", எங்களுக்கு போன் மேல் போன்!

இப்போது ஒவ்வொரு மாட்யூலும் தனி புராசஸ். கோருக்கு (ஏஜென்ட்டின் மையப் பகுதிக்கு) பாலிசி, அதாவது மெஷினுக்கான விதிகள், வாங்குவது, டிஜிட்டல் கையொப்பம் சரிபார்ப்பது, மாட்யூலை எழுப்புவது, அடம்பிடித்தால் கொல்வது, இவ்வளவுதான் வேலை. ஹார்ட்பீட்டில் (சர்வருக்கு அவ்வப்போது போகும் "உயிரோடு இருக்கிறேன்" செய்தியில்) மாட்யூல் வாரியாக நிலை போகிறது. மெமரி கொஞ்சம் கூடுதலாகத் தின்கிறது, தின்னட்டும்.

---

அண்ணே, கொன்று எழுப்பினால் மட்டும் போதாது. எழுந்ததும் அதே வேலையை எடுத்து மறுபடி விழும். ஓஎஸ்க்வெரியில் (osquery, மெஷின் நிலையை க்வெரி போட்டு அறியும் ஓப்பன் சோர்ஸ் ஏஜென்ட்) இதற்கு நல்ல வழி உண்டு: வாட்ச்டாக் (கண்காணிக்கும் புராசஸ்), வொர்க்கரை (வேலை செய்யும் புராசஸை) கொல்லும்போது ஓடிக்கொண்டிருந்த ஷெட்யூல் க்வெரியை ஒரு நாளைக்கு ஒதுக்கி வைத்துவிடும். நாங்கள் அதையே மாட்யூலுக்கும் வைத்தோம்.

இன்னொன்று, புரோகிராம் கோடு (code) மீது மட்டும் சந்தேகப்பட்டால் பத்தாது. 2024 ஜூலை 19-ல் கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு மென்பொருள் நிறுவனம் அனுப்பியது புது கோடு இல்லை, கண்டறியும் விதிகள் அடங்கிய கன்டென்ட் அப்டேட்தான். விதி எதிர்பார்த்தது 21 உள்ளீடு, சென்சார் (மெஷினில் ஓடும் அவர்களது ஏஜென்ட்) கொடுத்தது 20. இல்லாத 21-வதைப் படிக்கப் போய், மைக்ரோசாஃப்ட் கணக்குப்படி 85 லட்சம் விண்டோஸ் மெஷின்கள் படுத்தன. அது கெர்னலுக்குள் (விண்டோஸின் மையத்துக்குள்) ஓடியதால் "தனி புராசஸ்" என்ற தடுப்புச்சுவரே அங்கே கிடையாது. அதனால் பாலிசி ஃபைலையும் பைனரி (ஓடும் புரோகிராம் ஃபைல்) மாதிரியே நடத்துங்கள்: முதலில் சில மெஷின்களுக்கு மட்டும், கடைசியாக ஒழுங்காக ஓடிய பிரதி எப்போதும் டிஸ்க்கில்.

---

நான் பட்டது வேறு. காலையில் எல்லாக் கிளையும் ஒரே நேரத்தில் மெஷினைப் போடுவார்கள், எல்லா ஏஜென்ட்டும் ஒன்றாக வந்து சர்வரை மொய்க்கும். செக்-இன் நேரத்தை மெஷினுக்கு மெஷின் சற்றுத் தள்ளி வைத்ததும் அடங்கியது. அதுசரி அண்ணே, உங்கள் கோர் பகுதியையே அப்டேட் செய்வது யார்? எங்களிடம் அதற்குத் தனியாக ஒரு குட்டி சர்வீஸ் இருக்கிறது. அதைத் தொடவே டீமில் எல்லோருக்கும் பயம்.