டியூபா மவுத்பீஸ்: பாக் 24ஏடபிள்யூ-விலிருந்து ஹெல்லெபெர்க்குக்கு மாறலாமா?

வணக்கம். கருவி, நான்கு வால்வு பிபி-ஃபிளாட் சுருதி டியூபா (பெரிய பித்தளை ஊதுகருவி). இப்போதுள்ள மவுத்பீஸ் (வாய் வைத்து ஊதும் பகுதி) பாக் 24ஏடபிள்யூ: கப் (உள்கிண்ணம்) விட்டம் 31.25 மி.மீ., அகலமான ரிம் (உதடு படும் விளிம்பு). உதட்டுக்குச் சுகம்தான், ஆனால் கீழ் ஸ்தாயியில் சுரம் தொடங்கும் இடம் மங்கலாக வருகிறது. ஷாங்க் (மவுத்பீஸின் வால் பகுதி) பொருந்துகிறது: ரிசீவருக்குள் (கருவியில் அது செருகும் குழாய்) சுமார் 25 மி.மீ. இறங்கி ஆடாமல் நிற்கிறது. (ஒல்லியான ஷாங்க் என்றால் அதிக ஆழம் போய்விடும், சுருதியும் கெடும்.)

கான் நிறுவனத்தின் ஹெல்லெபெர்க் மவுத்பீஸைப் பார்த்து வைத்திருக்கிறேன். புனல் வடிவ ஆழமான கப், குறுகலான ரிம். தொடக்கம் தெளிவாகும் என்றே நினைக்கிறேன். ஆனால் நீண்ட ஒத்திகையில் அந்த ரிம் உதட்டை அழுத்தி, மேல் ஸ்தாயியைச் சோர வைக்குமோ என்பதுதான் பெரிய கவலை.

இரண்டிலும் வாசித்தவர்கள் சொல்லுங்கள்: மங்கலுக்குக் காரணம் ரிம்மா, கப்பா? ரிம்மை மாற்றாமல் கப்பை மட்டும் மாற்றிப் பார்க்க, திருகிக் கழற்றும் ரிம் உள்ள வகை சரிவருமா?