ஹோமோசிஸ்டீன் 24: அம்மாவுக்குப் புரதத்தைக் குறைக்க வேண்டுமா?

வணக்கம் நண்பர்களே. அம்மாவின் ரத்தப் பரிசோதனையில் ஹோமோசிஸ்டீன் என்ற அமினோ அமிலம் லிட்டருக்கு 24 மைக்ரோமோல் என்று வந்திருக்கிறது. 15க்குள் இருக்க வேண்டுமாம். பாதங்கள் வேறு மரத்துப்போகின்றன. நேற்று செருப்பு கழன்றதுகூடத் தெரியாமல் வாசல்வரை நடந்துவிட்டார்.

புரதத்தில் உள்ள மெத்தியோனின் என்ற கந்தக அமினோ அமிலத்திலிருந்துதான் ஹோமோசிஸ்டீன் உருவாகிறது, அதனால் புரதத்தைக் குறையுங்கள் என்கிறார் உறவினர் ஒருவர். எனக்கு மனம் ஒப்பவில்லை. மெத்தியோனினை உடல் தானாகத் தயாரிக்காதே! ஹோமோசிஸ்டீனைத் திரும்ப மெத்தியோனினாக்க பி12, ஃபோலேட் என்ற இரண்டு வைட்டமின்களும் வேண்டும். சிஸ்டீன் என்ற இன்னொரு அமினோ அமிலமாக்க வைட்டமின் பி6 வேண்டும். அந்தச் சிஸ்டீன் இல்லாமல் செல்களைப் பாதுகாக்கும் குளுட்டாதயோன் ஏது?

பி12 குறைவாக இருக்கும்போது ஃபோலிக் அமிலம் (ஃபோலேட்டின் மாத்திரை வடிவம்) மட்டும் கொடுத்தால், ரத்தசோகை சரியானதுபோல் தெரிந்தாலும் நரம்புப் பாதிப்பு தொடரலாம். அதனால் எந்த மாத்திரையும் தொடங்கவில்லை. செவ்வாய்க்கிழமை டாக்டரைப் பார்க்கிறோம். பி12 தவிர வேறு என்ன பரிசோதனைகளைப் பற்றிக் கேட்க வேண்டும்? அனுபவப்பட்டவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.